ஓர் உலை தூரம்

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே இருந்த வானம் சுருங்கிப்போன கதையை விமான நிலையத்தை ஒட்டிய செம்பட்டுப் பக்கம் யாரிடம் கேட்டாலும், அவர்கள் விமானத்திலிருந்து ஆரம்பிக்க மாட்டார்கள், இரண்டு கையிலும் பால் பாக்கெட்டோடு தெருவில் வந்துகொண்டிருந்த ஜெபமாலை அக்காவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள்.

விடிந்தும் விடியாத அந்த நேரத்தில் எதிர்வீட்டு மங்கையர்க்கரசி, மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவையில், சக்கரம் வைத்த பெட்டியொன்றைப் பழகாத ஆட்டுக்குட்டியை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். பெட்டியில் ஒட்டியிருந்த காகிதத்தில் சிங்கப்பூர் என்று பெரிதாக எழுதியிருந்தது. அவள் மகள் சுடர்விழி கல்யாணமாகி அந்த ஊருக்குப் போய் நான்கு மாதம் ஆகிறது என்பதும், மங்கை முதல்முறையாக விமானம் ஏறப்போகிறாள் என்பதும், பொன்மலை ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவள் கணவர் பழனியாண்டி, தண்டவாளம் இல்லாத எதிலும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்பதும் தெருவுக்கே தெரியும். இருந்தாலும் ஜெபமாலை அக்கா முறைப்படிதான் கேட்டாள்.

"தூரமா, மங்கை?"

வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டுத் தொலைத்துவிட்டால் கிளம்பியவர் வீட்டுக்குள் திரும்பி, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி படி இறங்க வேண்டும். அதனால் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் தூரமா என்று மட்டும் கேட்பார்கள். கேட்கப்பட்டவர்கள், கண் பட்டுவிடுமே என்று, காசிக்குப் போனாலும் பக்கத்துலதான் என்பார்கள். அது பொய் என்று கேட்டவருக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், அதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

"இல்லக்கா. இங்க பக்கத்துலதான்," என்றாள் மங்கை.

எத்தனையோ பேர் எத்தனையோ வாசலில் சொன்ன பொய்தான். ஆனால் நான்கு மாதமாக ராத்திரி தவறாமல் மகள் போனில் அழைத்து, "உன்னத் தேடுதும்மா, எப்பம்மா வருவ?" என்று கேட்டுக் கேட்டு, அந்த ஊர் பக்கத்தில் இருந்துவிடக் கூடாதா என்று தாய் மனசு ஏங்கி ஏங்கி ஊறிக் கிடந்ததாலோ என்னவோ, மங்கை அந்தப் பொய்யை மெய்யைப் போலச் சொல்லிவிட்டாள். விமானங்கள் கூரை ஓட்டைத் தொட்டுக்கொண்டு போகிற தெரு அது. அங்கே வானம் எப்போதும் கொஞ்சம் தாழ்வாகத்தான் இருக்கும். அது கேட்டுக்கொண்டது.

விமானத்தில் பக்கத்து இருக்கைப் பையன் பெல்ட் மாட்டிவிட்டான். மங்கை கண்ணை மூடிச் சமயபுரத்தாளைக் கூப்பிட்டாள். வயிற்றுக்குள் எதுவோ தூக்கிப் போட்டது, காது அடைத்தது, அவள் ஆத்தாளுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள், பிறகு மாவிளக்கோடு வெள்ளிக் கண்மலரும் சேர்த்துக்கொண்டாள், கண்ணைத் திறந்தபோது கீழே கடல் முழுக்கக் கப்பல்கள், யாரோ எள்ளைக் கொட்டிவிட்டதுபோலச் சிதறி நின்றன. ஒலிபெருக்கியில் விமானி இருமிக்கொண்டார். சிங்கப்பூர் வந்துவிட்டதாகவும், ஏன் வந்தது என்று பிறகு தெரிவிப்பதாகவும் சொன்னார். உணவு வண்டியை மூன்றாவது வரிசை வரை தள்ளி வந்திருந்த பணிப்பெண் கையில் தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றாள்.

"சீக்கிரம் வந்துட்டானுவ," என்று சொல்லி முன்வரிசைக்காரர் எழுந்து பையை இறக்கினார்.

"அது சரி, சாப்பாட்டுக்கும் சேத்துத்தான டிக்கெட் எடுத்தோம்?" என்றார் அவருக்குப் பின்னால் இருந்தவர்.

வேறு யாரும் எதுவும் கேட்கவில்லை. நான்கு மணி நேரப் பயணம், ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், ஒரு படி அரிசிக்கு வைத்த உலை கொதிக்கிற நேரத்தில் முடிந்துபோயிருந்தது. சுடர் அந்த நான்கு மணி நேரத்தைக் கணக்கு வைத்து, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்ததால், வானத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை எல்லாம் மங்கை விமான நிலைய வாசலில் பெட்டியின் மேல் உட்கார்ந்து செலவழித்தாள். மகள் வந்து கட்டிக்கொண்டு அழுதபோது அவள் சொன்ன முதல் வார்த்தை, "பக்கத்துலதான்டி இருக்கு" என்பதுதான்.

ஒரு நாள் அப்படி நடந்திருந்தால் காற்று என்று விட்டிருப்பார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அதுவே நடந்தது. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே மட்டும்தான். சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் போகிறவர்களுக்கு வானம் பழைய நீளத்தில்தான் இருந்தது. டெல்லியிலிருந்து கண்ணாடி போட்ட நான்கு பேர் வந்து, ஓடுபாதையை நாடாவால் அளந்து, ஆகாயத்தை எதனாலோ அளந்து, தூரத்தில் குறை ஒன்றும் இல்லை, போகிறவர்கள்தான் சீக்கிரம் போய்விடுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மத்தியானம் சிங்கப்பூர் போய்க் கோழிச்சோறு சாப்பிட்டுவிட்டுச் சாயங்கால விமானத்தில் டெல்லிக்குத் திரும்பினார்கள். செம்பட்டில் யாருக்கும் அளக்க வேண்டியிருக்கவில்லை. "மங்கை வாயால சொன்னா, அது நடந்துபோச்சு. நல்ல வாய்," என்றாள் ஜெபமாலை அக்கா. அதற்குப் பிறகு பெண் பார்க்கப் போகிறவர்களும் பரீட்சைக்குப் போகிறவர்களும் மங்கையிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம்தான் விமானத்தைவிட வேகம். முதலில் விமான நிலையத்தில் அழுகிற வழக்கம் போயிற்று. முன்பெல்லாம் ஒருவர் சிங்கப்பூர் போனால் மணப்பாறையிலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் வேன் பிடித்து இருபது பேர் வருவார்கள், கண்ணாடிக் கதவு வரை வந்து கன்னத்தைத் தடவித் தடவி அழுவார்கள், கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் அழுவார்கள். இப்போது மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் போனவன் அங்கே இறங்கி, "போயிட்டேன், சாவிய மறந்துட்டேன், இருங்க வரேன்," என்று போன் செய்தான். வேன்காரர்கள் பள்ளிக்கூடச் சவாரிக்கு மாறினார்கள்.

அப்புறம் மரியாதை போயிற்று. சிங்கப்பூரிலிருந்து வந்தவன் என்றால் தெரு முழுக்க அத்தர் மணக்க வருவான், போர்வையும் தைலமும் மிட்டாயும் வீட்டுக்கு வீடு போகும், ஒரு வாரத்துக்கு அவன் உட்கார நாற்காலி போடுவார்கள். இப்போது அவன் கைலியோடு வந்து, கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு போனான். கல்யாணத் தரகர்கள் வெளிநாட்டு மாப்பிள்ளை என்ற சொல்லையே விட்டுவிட்டு, பக்கத்து ஊர் மாப்பிள்ளை என்றார்கள். விமான நிறுவனத்தார் பேருந்தில் கொடுப்பதுபோல மாதச் சீட்டுக் கொடுத்தார்கள். குழம்பு கொண்டுபோகக் கூடாது என்று முதல் வாரம் தடுத்த காவலர்கள், இரண்டாம் வாரம் தூக்குவாளிகளுக்கென்று தனி வரிசை போட்டார்கள், மூன்றாம் வாரம் எந்த வீட்டுக் குழம்பில் புளி தூக்கல் என்று அவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது.

தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்லவில்லை. "சிங்கப்பூரா, ஓர் உலை," என்பார்கள். "ஸ்ரீரங்கம்? அது ரெண்டு உலை ஆகும், பாலத்துல வண்டி நிக்கும்."

தூரம் சுருங்கியதே தவிர, கடிகாரம் சுருங்கவில்லை. சூரியனுக்கு இந்த விஷயம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அங்கே எப்போதும்போல இரண்டரை மணி நேரம் முன்னால்தான் விடிந்தது. அதனால் சுடர்விழி வீட்டில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மங்கை திரும்பினால், இங்கே பழனியாண்டிக்கு மதியச் சோறு வடிக்க இன்னும் நேரம் இருந்தது. "உனக்கு மட்டும் ஒரு நாளுக்கு ரெண்டு மத்தியானம்," என்று அவர் பொருமினார். "ரயில்ல போனா இப்படியெல்லாம் ஏமாத்த முடியாது."

ஏனென்றால் மங்கை தினமும் போனாள். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும் போனாள், பிறகு செவ்வாயும் வெள்ளியும், பிறகு காலையில் எழுந்து அடுப்பில் இரண்டு குழம்பு வைத்து ஒன்றை மூடிவைத்து ஒன்றைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு கிளம்புவது பல் விளக்குவதுபோல ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் ஜெபமாலை அக்கா பால் பாக்கெட்டோடு வந்து தூரமா என்றாள். ஒவ்வொரு நாளும் மங்கை பக்கத்துலதான் என்றாள். பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போயிருந்தது.

ஆரம்பத்தில் சுடர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். பத்தாம் மாடி வீடு. ஜன்னலிலிருந்து பார்த்தால் கொடிக்கம்புகளில் துணி காய்கிற மற்ற ஜன்னல்கள் தெரியும். மாப்பிள்ளை மதியழகன் கப்பல் பழுதுபார்க்கிற தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். காலை ஷிப்ட் முடிந்து மதியம் வீட்டுக்கு வருவான். "அத்த குழம்பா?" என்று செருப்பைக் கழற்றும்போதே கேட்பான். மங்கைக்கு அது போதும். அவள் போகப் போக அந்த வீட்டை ஒழுங்குபண்ணினாள். மிளகாய்த்தூள் டப்பாவை அடுப்புக்கு வலது பக்கம் வைத்தாள். புதுசாக வாங்கிய நீலத் திரையைக் கழற்றி, அழுக்குத் தெரியாத பழுப்புத் திரை மாட்டினாள். மகள் தலைமுடியை அவிழ்த்துச் சிக்கெடுத்துப் பின்னினாள். சுடர் கணினியில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் தட்டிக்கொண்டிருந்தபோதுகூடப் பின்னால் நின்று பின்னினாள்.

எப்போது என்று மங்கைக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது, மகள் எப்பம்மா வருவ என்று கேட்பதை நிறுத்தினாள். பிறகு ஒருநாள், பேச்சுவாக்கில், வேறு எதையோ தேடிக்கொண்டே, "எப்பம்மா கிளம்புற?" என்று கேட்டாள். மங்கை அதை நேரம் கேட்பதாக எடுத்துக்கொண்டு நேரத்தைச் சொன்னாள்.

சாம்பார் விஷயம் நடந்தது ஒரு புதன்கிழமை. மங்கை போனபோது சுடர் குளித்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் மேல் மூடிபோட்ட சட்டியில் சாம்பார் இருந்தது. மங்கை மூடியைத் திறந்து கரண்டியால் கிண்டினாள். முருங்கைக்காய் ஒரு நார் அளவுக்கு வேகாமல் இருந்தது, பெருங்காயம் கொஞ்சம் அதிகம், பருப்பு அடியில் தங்கியிருந்தது. பாவம், பிள்ளை, என்று நினைத்துக்கொண்டாள். அதைத் தொட்டியில் கவிழ்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, சட்டியைத் தேய்த்து, தன் தூக்குவாளியிலிருந்து மணத்தக்காளி வற்றல் குழம்பை ஊற்றி, அதே மூடியால் மூடிவைத்தாள். செய்கிற வேலையைச் சத்தமில்லாமல் செய்கிறவள் அவள்.

மதியழகன் வந்தான், கை கழுவினான், தட்டு முன்னால் உட்கார்ந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"சாம்பார் எங்க?"

"அத கொட்டிட்டேங்க மாப்ள. காய் வேகல," என்றாள் மங்கை. "இத ஊத்திக்குங்க."

அவன் சுடரைப் பார்த்தான். சுடர் சட்டியைப் பார்த்தாள். தலையில் கட்டியிருந்த துண்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கழுத்தில் இறங்கியது, அவள் அதைத் துடைக்கவில்லை.

"காலையில இட்லிக்கு ஊத்திச் சாப்டேன் அத்த," என்றான் மதியழகன், யாருக்கும் வலிக்காமல் சொல்லப் பார்த்து. "இன்னிக்குத்தான் மொதத் தடவையா நல்லா வந்திருந்துச்சு. மத்தியானத்துக்கும் அதுவே வேணும்னு சொல்லிட்டுப் போனேன்."

வற்றல் குழம்பு நன்றாகத்தான் இருந்தது. மூன்று பேரும் அதைச் சாப்பிட்டு முடித்தார்கள். அவன் போய்ப் படுத்த பிறகு சுடர் அம்மாவின் எதிரே தரையில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவமாடி?" என்றாள் மங்கை.

"கோவம் இல்லம்மா."

"பின்ன?"

சுடர் கால் விரலில் மெட்டியைத் திருகினாள். "எனக்கு உன்னத் தேடவே இல்லம்மா," என்றாள். "இந்த ஊருக்கு வந்த புதுசுல ராத்திரியெல்லாம் தேடும். உன் பொடவை ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்ல, அத மூஞ்சில போட்டுக்கிட்டுப் படுப்பேன். இப்ப எங்க கெடக்குன்னே தெரியல. நீ வந்துட்டே இருக்க. தேடறதுக்கு எடமே இல்ல. நீ அங்கயே இருந்திருந்தா நான் பாட்டுக்கு உன்ன எப்பவும்போலத் தேடிட்டு இருந்திருப்பேன்ல."

மங்கை அன்று விமானத்தில் கண்ணை மூடவில்லை, ஆத்தாளைக் கூப்பிடவில்லை. தூக்குவாளி மடியில் இருந்தது. உலை கொதிக்கிற நேரத்துக்குள் ஒரு மனுஷி எவ்வளவு அழ முடியுமோ அவ்வளவுதான் அழ முடிந்தது, அதற்குள் திருச்சி வந்துவிட்டது. சரியாக அழுது தீர்ப்பதற்குக்கூட அந்த வானம் போதவில்லை.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. காலையில் ஒரு குழம்புதான் வைத்தாள். ஜெபமாலை அக்கா கேட்பதற்கு ஆள் இல்லாமல் பால் பாக்கெட்டோடு நின்று பார்த்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சுடரே வந்தாள். எண்ணெய் தேய்த்துக்கொண்டாள், குளித்தாள், சாப்பிட்டாள், அம்மா முகத்தைப் பார்க்காமல், "ஏம்மா வரல? நான் சொன்னதுக்குத்தான?" என்று கேட்டாள். "மூட்டு வலிடி," என்றாள் மங்கை. அடுத்த ஞாயிறும் வந்தாள். கடனே என்று வருகிற பிள்ளையின் தலையில் எண்ணெய் தேய்ப்பது எப்படி இருக்கும் என்று மங்கை அன்றுதான் தெரிந்துகொண்டாள். எண்ணெய் உள்ளே இறங்காது, மேலேயே நிற்கும்.

"போகாம இருந்தா சரியாயிடும்னு பாத்தேங்க," என்று கணவரிடம் சொன்னாள். அவர் வாசலில் உட்கார்ந்து பழைய மின்விசிறியைப் பிரித்துப்போட்டிருந்தார். "ஆவலயே."

பழனியாண்டி திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு யோசித்தார். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னார். "பக்கத்துல இருந்துக்கிட்டு வராம இருந்தா, அதுக்குப் பேரு கோவம். தூரத்துல இருந்து வராம இருந்தாத்தான், அதுக்குப் பேரு தூரம். நீ கோவிச்சுக்கிட்டு இருக்கேன்னு புள்ள நெனச்சுக்கிட்டு இருக்கு. ரயில் பெட்டி ரெண்டையும் கொக்கி போட்டு மாட்டுவோம், பாத்திருக்கியா? நடுவுல கொஞ்சம் எடம் விட்டுத்தான் மாட்டணும். ஒட்டி மாட்டுனா வளைவுல திரும்பாது."

"அப்ப தூரத்த எங்க போயித் தேடறது?"

"யாரு எடுத்தாங்களோ அவங்களத்தான் கேக்கணும்," என்று சொல்லிவிட்டு அவர் மின்விசிறிக்குள் குனிந்துகொண்டார்.

மங்கை தெருவைத் தாண்டி ஜெபமாலை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்காவின் மகன் ஆரோக்கியம் சிங்கப்பூரில் இரவு ஷிப்ட். இப்போதெல்லாம் காலையில் வந்து படுத்துச் சாயங்காலம் போகிறவன். கூடத்தில் கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலையில நான் கிளம்பறப்ப கேளுங்கக்கா," என்றாள் மங்கை. "நான் வேற மாதிரி சொல்லப்போறேன்."

அக்காவுக்குப் புரிந்தது. மகனைத் திரும்பிப் பார்த்தாள். மங்கை கேட்பது தன் மகளுக்காக மட்டும் இல்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளை ஒரே வார்த்தையில் கடலுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடுகிற காரியம். கூப்பிட்டால் வந்துவிடுகிற பிள்ளையை எந்தத் தாய் விடுவாள்.

"முன்னாடி ஞாயித்துக்கிழமை ஆனா போன் பண்ணி ஒரு மணி நேரம் பேசுவான்," என்றாள் ஜெபமாலை அக்கா மெதுவாக. "என்ன சாப்ட, கோயிலுக்குப் போனியா, கால் வலி எப்படி இருக்குன்னு ஒண்ணு விடாமக் கேப்பான். இப்ப தினம் தட்டுல சோறு போடறேன், 'ம்'ங்கறான். இன்னொரு கரண்டி போடவான்னா 'ம்'. போதுமான்னா அதுக்கும் 'ம்'." முந்தானையால் மகனின் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவன் தூக்கத்திலேயே ம் என்றான். "கேக்கறேன் போ. அவன் சாயங்காலம் போயிரட்டும். நாளைக்குக் காலையில அங்கயே இருன்னு சொல்லிடறேன்."

சொல்லிவைத்த ரகசியம் செம்பட்டில் எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம்தான் நின்றது. மறுநாள் காலை மங்கை தூக்குவாளியும் துணிப்பையுமாக வாசலுக்கு வந்தபோது தெரு முழுக்க ஆள் இருந்தது, ஆனால் யாரும் அவளுக்காக நிற்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சிலர் ஏற்கெனவே துடைத்த வண்டியைத் துடைத்தார்கள். சிங்கப்பூரில் கடை போட்டிருந்த மீன்காரர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அத்தர் பூசிக்கொண்டு வந்து யாரும் நாற்காலி போடாமல் நொந்துபோயிருந்த இரண்டு பேர் நம்பிக்கையோடு சுவரில் சாய்ந்திருந்தார்கள்.

ஜெபமாலை அக்கா பால் பாக்கெட்டோடு வந்தாள். நடுத்தெருவில் நின்றாள்.

"தூரமா, மங்கை?"

வாய் பழக்கத்தில் பக்கத்து என்று குவிந்துவிட்டது. மங்கை அதை விழுங்கினாள். ஒரு பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சொல்ல வேண்டிய வார்த்தையை அவள் அன்றைக்குச் சொல்லவில்லை. நாதஸ்வரச் சத்தத்திலும் பந்தி அவசரத்திலும் விட்டுப்போயிருந்தது. அதை இப்போது சொன்னாள்.

"ஆமாக்கா. தூரம்தான்."

தலைக்கு மேலே ஓடு ஒன்று நகர்ந்து உட்காருவதுபோல ஒரு சத்தம் கேட்டது. மடித்துவைத்த போர்வையை யாரோ உதறிப் பிரிப்பதுபோல, செம்பட்டுக்கு மேலிருந்த வானம் ஒருமுறை படபடத்துவிட்டு உயரத்தில் போய் நின்றது. காக்கைகள் மட்டும் எழுந்து உட்கார்ந்தன. மீன்காரர் தராசை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

பழனியாண்டி வாசலிலிருந்தே சொன்னார். "பாத்துப் போ. தூரம்."

விமானத்தில் உலை கொதிக்கிற நேரம் கழிந்தது. வடித்து இறக்குகிற நேரமும் கழிந்தது. மங்கைக்குப் பக்கத்தில் கைலி கட்டிய ஒருவர் ஜன்னலில் முகத்தை வைத்து, "என்னங்க, இன்னும் வரல," என்றார். பின்னாலிருந்து, "அடுப்புல பால வச்சிட்டு வந்தேன்," என்றது ஒரு பெண் குரல். விமானி இருமிக்கொண்டு, இன்னும் மூன்றரை மணி நேரம் ஆகும் என்றும், ஏன் ஆகும் என்று பிறகு தெரிவிப்பதாகவும் சொன்னார். பணிப்பெண் மாதக்கணக்கில் மூன்றாவது வரிசையைத் தாண்டாத உணவு வண்டியை நான்காவது வரிசைக்குத் தள்ளினாள், ஐந்தாவதுக்குத் தள்ளினாள், கடைசி வரிசை வரை தள்ளிக்கொண்டுபோய் அங்கே உட்கார்ந்திருந்த குழந்தைக்கு ஒரு பழச்சாறு கொடுத்துவிட்டு, தேர் நிலைக்கு வந்த மாதிரி நின்று சிரித்தாள்.

மங்கை அன்றுதான் கடலைப் பார்த்தாள். இத்தனை நாளும் கரையை ஒட்டிய கடலைப் பார்த்திருக்கிறாள், நடுக்கடலைப் பார்த்ததில்லை. கப்பல் இல்லை, தீவு இல்லை, நீலம் மட்டும், போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு தண்ணியத் தாண்டியா எம்புள்ள இருக்கு, என்று நினைத்தாள். அம்மாடி, தைரியக்காரிதான். சுடருக்கு ஆறு வயதில் காய்ச்சல் வந்தது, பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்றது, பெருங்காயத்தை எப்போதும் அதிகமாகப் போடுவது என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எதையும் அவசரப்படுத்த வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அழுதாள், சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்து இன்னும் கொஞ்சம் அழுதாள், அப்போதும் கடல்தான் இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவளுக்கு மகளைத் தேடியது.

சிங்கப்பூரில், அம்மா கிளம்பிவிட்டதாகப் போன் வந்ததும், ஓர் உலை நேரத்தில் வந்துவிடுவாள் என்று அழைக்கப் போயிருந்த சுடர், அங்கே நான்கு மணி நேரம் நின்றாள். முதல் அரை மணி நேரம் கைபேசியைப் பார்த்தாள். இரண்டாவது அரை மணி நேரம் பலகையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடிக் கதவுக்குப் போய், அங்கிருந்து திரும்பி, சீருடை போட்டவர்களை எல்லாம் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். கதவு திறந்து தூக்குவாளியோடு மங்கை வெளியே வந்தபோது, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, இருபத்தைந்து வயதுப் பெண் என்பதை மறந்து, அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"ஏம்மா இவ்வளவு நேரம்? எங்கம்மா போன? எனக்கு உன்னத் தேடிருச்சும்மா."

மங்கை அவள் தலையைத் தடவினாள். பின்னல் கோணலாக இருந்தது. கை தானாகப் போனது, அதை நிறுத்திக்கொண்டாள்.

"தூரமில்லையாடி," என்றாள்.

வீட்டில் நீலத் திரை மறுபடியும் மாட்டியிருந்தது. மங்கை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பின் மேல் சுடர் வைத்த சாம்பார் இருந்தது. பக்கத்தில் மங்கை தூக்குவாளியைத் திறந்துவைத்தாள். நான்கு மணி நேரத்தில் மீன் குழம்பு ஆறி, எண்ணெய் பிரிந்து, புளியும் காரமும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது. மதியழகன் இரண்டையும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டு, "அத்த, இவ்வளவு நாளா சுடச்சுடக் கொண்டாந்ததவிட இதுதான் ருசி," என்றான். மங்கை மகளின் சாம்பாரை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். பெருங்காயம் அதிகம்தான். அவள் சொல்லவில்லை.

பதினைந்து நாள் இருந்தாள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு உடனே திரும்ப முடியுமா. திரும்புகிற அன்று விமான நிலையக் கண்ணாடிக் கதவு வரை சுடரும் மதியழகனும் வந்தார்கள். அங்கே நிறையப் பேர் நின்றார்கள், கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார்கள், யாரோ கட்டுச்சோற்றைப் பிரித்திருந்தார்கள், பழைய அழுகை எல்லாம் குறைவில்லாமல் திரும்பி வந்திருந்தது. யாரையோ வழியனுப்ப வந்திருந்த ஆரோக்கியம்கூட ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "கோயிலுக்குப் போனியாம்மா? கால் வலி எப்படி இருக்கு? ஒண்ணு விடாமச் சொல்லு," என்று அவன் கேட்பது காதில் விழுந்தது.

சுடர் அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நாளாகக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"மறுபடி எப்பம்மா வருவ?"

மங்கைக்கு மனசு நிறைந்து வழிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் முகவாயைப் பிடித்து, "அதுக்கென்னடி, இங்க பக்க..." என்று ஆரம்பித்தவள், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாடிக் கூரைக்கு அப்பால் தெரிந்த வானத்தை அண்ணாந்து பார்த்தாள். அது அசையவில்லை. கேட்டிருக்காது.

"தூரம்டி," என்றாள், வானத்துக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே. "ரொம்பத் தூரம். தேடுனாச் சொல்லு. வரேன்."